கவ்வாத்து வெட்டிய தக்காளி

ரயில் நின்றது. நான் இறங்கவில்லை. என் பெட்டியின் கதவுக்குக் கீழே பிளாட்பாரம் இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைச் செடி நின்றது. றொசல்ல சின்ன ஸ்டேஷன், கடைசிப் பெட்டிகளில் வருகிறவர்கள் முன்கூட்டியே முன்னால் நடந்து போய்விட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் முண்டியடித்து அடுத்த பெட்டிக்குள் நுழைவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. "ஐயோ, என் ஊரு, என் ஊரு!" என்று கத்தினேன். அது என் ஊரே இல்லை, வாழ்க்கையில் முதல்முறையாக வருகிறேன். வாசலோரம் நின்ற சிங்களப் பெரியவர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் எனக்குத் தமிழில் சொன்னார்: "ஹட்டன்ல எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமாம். றொசல்ல எங்கயும் ஓடிப்போகாதாம்."

ஹட்டனில் இறங்கி டீ குடித்தேன். சுற்றிலும் மலை முழுக்கத் தேயிலை, கிளாஸில் இருந்ததோ வெறும் சாயத் தண்ணீர். நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிவிடுகிறது என்று கடைக்காரர் சர்வசாதாரணமாகச் சொன்னார். எங்கள் திருச்சி பஸ் ஸ்டாண்டு டீயைப் பற்றி இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரரிடம், "றொசல்லயில பிலோமினான்னு..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"இத்தாலி பிலோமி அக்கா வீடாங்க? ஏறுங்க, ஏறுங்க."

பிலோமி என் சித்தப்பா மகள். என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள். குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அப்பாவின் பெயர் வந்தது, சித்தப்பாவின் பெயர் வரவில்லை. அதனால் நான் திருச்சிக்காரன், பிலோமி மலையகத்துக்காரி. அவள் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் ஒரு பெரிய குடும்பத்துக்குப் பன்னிரண்டு வருடம் சமைத்துப் போட்டுவிட்டுப் போன வருடம் திரும்பி வந்திருந்தாள். தென்னூரில் என் மொட்டை மாடித் தோட்டத்துப் படங்களை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு தடவ வந்து என் காணிக்கும் பிளான் போட்டுக் குடுங்க. ஞாயித்துக்கெழம பெரிய சாப்பாடு ஒண்ணும் வச்சிருக்கேன்" என்றாள். சாப்பாடு என்றதும் நான் கிளம்பிவிட்டேன்.

தேங்காய் ரொட்டியும் காரமான சம்பலும் கிடைக்கும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு போனவனுக்கு அன்று ராத்திரி கிடைத்தது வேறு. ஒரு பெரிய சட்டியில் போஞ்சி என்கிற பீன்ஸின் விதை, கோவா என்கிற முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் கரையக் கரைய வெந்து கொண்டிருந்தது. பிலோமி நேற்றைய பாணை, அதாவது காய்ந்துபோன ரொட்டியை, பிய்த்துப் பிய்த்து அதற்குள் போட்டாள். எனக்குத் திக்கென்றது. கடல் தாண்டி வந்த அண்ணனுக்குப் பழைய ரொட்டியா?

"அங்க இதுதாண்ணே பெரிய வீட்டுச் சாப்பாடு. பழைய பாணுதான் ருசி" என்றாள்.

ருசியாகத்தான் இருந்தது. ஆனால் காரம் இல்லை, பேருக்குக்கூட இல்லை. பையில் ஒளித்து வைத்திருந்த மாங்காய் ஊறுகாயை எடுக்கக் கை போனது. பிலோமியின் கணவர் அருளப்பன் கண்ணாலேயே தடுத்தார். அவர் தோட்டத்தில் சுப்பர்வைசர், பேச்சு குறைவான மனிதர். தட்டைக் கழுவப் போகும்போது என் காதில் சொன்னார்: "மேசையில கொச்சிக்காய்க்கு எடமில்லைங்க மச்சான். எனக்கே அங்கிட்டுப் போய்த்தான் கெடைக்கும்." கொச்சிக்காய் என்றால் மிளகாய் என்று தெரிந்தது, அங்கிட்டு என்றால் எங்கே என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

காலையில் காணியைப் பார்த்தேன். என் அனுபவம் அத்தனையும் அங்கேயே செத்தது. திருச்சியில் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. இங்கே தண்ணீரை எப்படி விரட்டுவது என்பதுதான் கவலை. மழை விட்டால் பனிமூட்டம், அது கலைந்தால் திரும்ப மழை. நிலம் வீட்டுக் கூரையைப் போலச் சரிந்து இறங்குகிறது. மூன்று தட்டாகக் கல் கட்டி, நடுவே கான் வெட்டித் தண்ணீரைப் பள்ளத்துக்கு விட வேண்டும் என்று குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். கீழ்த்தட்டில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ், நடுவில் போஞ்சி, வீட்டை ஒட்டி சலாதுக் கீரை, துளசி மாதிரி மணக்கும் பேசில். பேசிக்கொண்டே காலைப் பார்த்தேன். கணுக்காலில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அலறிவிட்டேன். பிலோமி சோப்புக் கட்டியால் அட்டையை வழித்து எறிந்துவிட்டு, "அதுக்கும் பசிக்கும்லண்ணே" என்றாள்.

அவளுடைய தக்காளியும் பக்கத்தில் ஒரு சின்னப் பேசில் பாத்தியும் மட்டும் ஏற்கனவே இருந்தன. தக்காளி ஆள் உயரம் வளர்ந்து நின்றது. மேலே பொலித்தீன் கூரை, செடிக்குச் செடி ஒரு குச்சி, பழைய சேலைக் கிழிசலால் கட்டு. நீள நீளமான காய்கள், கீழ்க்கொத்தில் சில பழுக்கத் தொடங்கியிருந்தன. அந்த நிறத்தைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. "ஞாயித்துக்கெழம இதுலதான் கொழம்பு. காலையில அடுப்புல ஏத்துனா மத்தியானம் வரைக்கும் கொதிக்கணும்" என்றாள்.

"மேல் மூலையில ஒரு எலுமிச்சை வையி. உன் இத்தாலிச் சமையலுக்கும் ஆகும்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "மரமெல்லாம் வேணாண்ணே. காய்க்க வருசக்கணக்கா ஆகும்."

தோட்டம் போட இவ்வளவு ஆசைப்படுகிறவள் ஒரு எலுமிச்சைக்கு ஏன் மறுக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் படியில் ஒரு பெண் வந்து நின்றாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். கையில் தூக்குச் சட்டி. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அருளப்பன் போய் வாங்கிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தாள், பிலோமியை ஒரு கணம் பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள்.

"யாரு அது?"

"எம் மக. ஜெனிட்டா" என்றாள் பிலோமி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளா? மகள் ஏன் படியில் நிற்கிறாள்?

பிலோமி களை பிடுங்கிக்கொண்டே சொன்னாள். அவள் இத்தாலி போகும்போது ஜெனிக்கு ஐந்து வயது. வளர்த்தது அருளப்பனின் அக்கா சகாயமேரி, கீழே லயத்தில் இருக்கிறவர், கொழுந்து பறிக்கிறவர். அருளப்பன் சொன்ன 'அங்கிட்டு' அதுதான். போன இடத்தில் பிலோமிக்கு விசாக் காகிதம் சரியாகாததால் வெகுகாலம் ஊருக்கு வர முடியவில்லை. அனுப்பிய காசில் இந்த வீடு எழும்பியது, மகள் படித்தாள். இப்போது அம்மா வந்துவிட்டாள், மகள் லயத்தை விட்டு வரவில்லை. "வந்த நாள்லேருந்து என் வீட்டுல ஒரு வாய் ஒக்காந்து சாப்புட்டதில்லண்ணே. கூப்புட்டா 'அத்தை தனியா இருக்காங்க'ன்னு போயிருவா. என்னைய ஒண்ணுமே கூப்புடுறதில்ல. அம்மாங்கிறதும் இல்ல, வேற எதுவும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நேப்பிள்ஸ் வீட்டில் வாரம் முழுக்கச் சண்டை போட்டவர்கள்கூட ஞாயிறு மத்தியானம் ஒரே மேசையில் உட்கார்ந்துவிடுவார்களாம். மூன்று மணி நேரம் சாப்பிடுவார்களாம். எழும்பும்போது பாதிச் சண்டை தீர்ந்திருக்குமாம். அந்த மேசைக்குப் பன்னிரண்டு வருடம் பரிமாறியவள் இவள். தனக்கென்று அப்படி ஒன்றை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று தவித்தாள். ஜெனி இந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தலையை ஆட்டியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அடுக்களைக்குள் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது, இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், வெளியே எதுவும் காயாது. அந்தக் கொடியில் என் சட்டைக்கும் அருளப்பனின் கைலிக்கும் நடுவே நீள நீளமாக மாவு நாடாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கோதுமை மாவையும் முட்டையையும் பிசைந்து, காலி பாட்டிலால் தேய்த்து, கத்தியால் நறுக்கிக் காயவிட்டிருந்தாள். "துணியோட துணியாவா?" என்றேன். "தொவச்ச துணிதானண்ணே" என்றாள்.

சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா சந்தைக்குக் கிளம்பினாள். பஸ் டிரைவருக்கு என்ன அவசரமோ, வளைவுகளில் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். நான் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். ஒரு வளைவில் யாருடைய லீக்ஸ் கட்டோ மேலிருந்து என் தலையில் விழுந்தது. கட்டுக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்காமல் லீக்ஸ் ஒடிந்ததா என்று பார்த்தார். சந்தையில் வெள்ளரிக்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்த சுக்கினியைப் பிலோமி பொறுக்கி எடுத்தாள். கடைக்காரச் சிங்களப் பெண்மணி, "இதை ஹோட்டல்காரர்கள்தான் வாங்குவார்கள். நீ எந்த ஹோட்டல்?" என்று கேட்டதாகப் பிலோமி எனக்குச் சொன்னாள். "எங்க வீட்டு ஹோட்டல்னு சொன்னேன்" என்று சிரித்தாள். போகும்போதும் வரும்போதும் அவள் வாய் ஓயவில்லை. ஜெனியை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதுதான் பேச்சு.

திரும்பி வந்து படியேறிய பிலோமி சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை நான் மறக்கப் போவதில்லை.

தக்காளிச் செடிகள் இல்லை. இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மொட்டைத் தண்டுகள் மட்டும் நின்றன. பன்றி மேய்ந்ததல்ல, கத்தி பட்ட வெட்டு. ஒரே மட்டம், ஒரு விரல் ஏறவோ இறங்கவோ இல்லை. காய்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு தண்டின் தலையிலும் வெட்டிய தழையையே வைத்து மூடியிருந்தது. பேசில் பாத்தியில் நுனிக்கொழுந்து ஒன்றுகூட மிச்சமில்லாமல் கிள்ளியிருந்தது. காய்களெல்லாம் ஒரு சாக்கில், பச்சைப் பசேலென்று, வாசலில். பழுத்தது ஒரு கைப்பிடி தேறும்.

இந்த வேலை தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தேயிலை கன்னாபின்னாவென்று வளர்ந்துவிட்டால் இப்படித்தான் மட்டமாக வெட்டிவிடுவார்கள், கவ்வாத்து என்று பெயர். அதற்கப்புறம் தேயிலை முன்னைவிட நன்றாகத் தழைத்து வரும். தக்காளிக்கு அப்படிச் செய்வதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பிலோமி கூடையைப் போட்டுவிட்டு லயத்தை நோக்கி ஓடினாள். நானும், வேலை முடிந்து அப்போதுதான் வந்த அருளப்பனும் பின்னால் ஓடினோம். சகாயமேரி அப்போதுதான் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மதினி இப்பிடிப் பண்ணீங்க? எம் புள்ளைய எடுத்துக்கிட்டது பத்தலையா? அந்தத் தக்காளியாவது எனக்குன்னு இருக்கக் கூடாதா?"

லயமே வெளியே வந்துவிட்டது. நான் கூசிப் போனேன். சகாயமேரி படங்கை மடித்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. உள்ளேயிருந்து ஜெனி வந்தாள். கை முழுக்கத் தக்காளிச் செடியின் பச்சைக் கறை.

"நான்தான் வெட்டுனேன்" என்றாள். "அத்தைக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரே ஒசரமாப் போயி குச்சிக்கு மேல சாஞ்சு கெடந்துச்சு. கவ்வாத்து வெட்டுனா நல்லாத் தழைக்கும்ல. நீங்க வந்து பாத்தா சந்தோஷப்படுவீங்கன்னு..."

கறைக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்தப் பெண் தன் அம்மாவின் தோட்டத்துக்குள் முதல்முறையாகத் தானாக வந்திருக்கிறாள், அவளுக்குத் தெரிந்த ஒரே தோட்ட வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிலோமியின் போன் அடித்தது. இத்தாலியிலிருந்து, அவள் வேலை பார்த்த வீட்டு அம்மா. சனிக்கிழமைதோறும் கூப்பிடுவாராம். படபடவென்று பாட்டுப் போல ஏதோ பேசினார்கள். வைத்துவிட்டுப் பிலோமி சொன்னாள்: "என் அறை அப்பிடியே இருக்காம். எப்ப வர்றேன்னு கேக்குறாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "போயிரலாம்னு இருக்குண்ணே" என்றாள்.

எலுமிச்சை வேண்டாம் என்றதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வந்த நாளிலிருந்தே ஒரு காலை அங்கேயேதான் வைத்திருக்கிறாள். "உனக்குக் கிறுக்கா?" என்று கத்திவிட்டேன்.

அருளப்பன் சாக்கைக் கவிழ்த்து, காய்களைத் துடைத்துப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "பச்சத் தக்காளியில அவங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாவுல தோச்சுப் பொரிப்பாங்க" என்றாள் பிலோமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அப்ப பொரி. ஆனா அக்கா வராம ஜெனி வரமாட்டா. அக்காவ நீதான் கூப்புடணும்."

ஞாயிறு பூசை முடிந்ததும் பிலோமி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் அடுக்கினாள். கல்யாணத்துக்கு அழைப்பது போல. தாம்பாளத்தை என் கையில் கொடுத்தாள். "நீங்க வரணும்ண்ணே. நீங்க ஜெனிக்குத் தாய்மாமன்."

நான் ஆடிப்போனேன். சுற்றிப் பார்க்க வந்தவன் நான். இத்தனை வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. ஆனால் லயத்து வாசலில் தாம்பாளத்தோடு நின்றபோது அத்தனை பேரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பிலோமி குனிந்து சகாயமேரியின் கையைப் பிடித்தாள். "தப்பாப் பேசிட்டேன் மதினி. எம் புள்ளைய நீங்க எடுக்கல, நான்தான் குடுத்துட்டுப் போனேன். சாப்புட வாங்க."

சகாயமேரி வெகுநேரம் என்னைப் பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தாய்மாமன் வந்து நின்னு கூப்புடுறப்ப வராம இருப்பனா? ஆனா ஒண்ணு பிலோமி, எனக்குக் கொச்சிக்கா இல்லாம தொண்டையில எறங்காது."

"கொண்டாங்க" என்றாள் பிலோமி. அருளப்பன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

இரண்டு பெஞ்சும் ஒரு பழைய கதவுப் பலகையுமாக மேசை. பச்சைத் தக்காளியை வட்டமாக நறுக்கி, மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்திருந்தாள். கொடியில் காய்ந்த நாடாக்கள் பன்றி இறைச்சியோடும் சீஸோடும் வந்தன, மேலே ஜெனி கிள்ளிக் குவித்த பேசில். நடுவில் சகாயமேரியின் சம்பல், ரத்தச் சிவப்பில். "ரொட்டி மாவ எதுக்குடி இப்பிடி நார் நாராக் கிழிச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே சகாயமேரி இரண்டாம் முறை வாங்கினார். நானும் என் ஊறுகாயை வெளியே எடுத்தேன்.

ஜெனி அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அம்மாவுக்கு எதிரே. பேசாமல் சாப்பிட்டாள், தட்டைத் துடைத்தாற்போல் முடித்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நீங்க திரும்பப் போவீங்களா?"

பிலோமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"தக்காளி மறுபடி நடணும்" என்றாள். "காய்க்க மூணு மாசத்துக்கு மேல ஆகும்."

"அப்புறம்?"

"அந்த எடத்துல போஞ்சி போடணும்."

"அதுக்கப்புறம்?"

"லீக்ஸ். லீக்ஸ் மெதுவாத்தான் வரும்."

"அதுக்கப்புறம்?"

பிலோமி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "மேல் மூலையில ஒரு எலுமிச்ச வைக்கணும்னு மாமா சொல்றாரு. அது காய்க்க வருசக்கணக்கா ஆகும்."

சகாயமேரிதான் வாயைத் திறந்தார். "எலுமிச்சைக்கும் கத்தியத் தூக்கிட்டு வந்துறாதடி."

அருளப்பன் சத்தமாகச் சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஜெனி சிரிக்கவில்லை. அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை மேசைக்குக் குறுக்கே நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றாள்.